ஃபேண்டஸி நாவல் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் வாசகி எழுதுகிறேன். பின்னட்டையில் போர், சாபம், அழியப்போகும் ராஜ்யம் என்று போட்டிருக்கிறீர்கள். உள்ளே போனால் இரண்டு பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த இரண்டு பேரைத்தான் பிடிக்கிறது. போரை நம்பி வாங்கியவரோ ‘கதையே நகரவில்லை’ என்று திட்டிவிட்டுப் போகிறார். உங்களுக்கு வரவேண்டிய திட்டு, பாவம், எழுதியவர் தலையில் விழுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவினின் நாவல் ‘டெஹானு’வை எடுத்துக்கொள்ளுங்கள். (கதையைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.) எர்த்ஸீ என்ற கற்பனை உலகத்தில் நடக்கும் நாவல் வரிசையின் முதல் மூன்று நாவல்கள் 1968-க்கும் 1972-க்கும் இடையில் வந்துவிட்டன. நான்காவதான இது 1990-ல்தான் வந்தது. மூன்றாவதில் உலகத்தையே காப்பாற்றிய பெரும் மந்திரவாதி கெட், இதில் சக்தியெல்லாம் வற்றிப்போய், டிராகன் முதுகில் நோயாளியாக வந்து சேர்கிறான். தேறியதும் அடுத்த சாகசம் என்றுதானே நினைப்போம்? அரசனின் ஆட்கள் முடிசூட்டு விழாவுக்கு அழைக்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆள் ஓடி ஒளிகிறான். அவர்கள் முகத்தில் விழிக்க வெட்கம். மலைக்குப் போய் ஆடு மேய்க்கிறான், சின்ன வயதில் மேய்த்த மாதிரியே.

நாவல் அவனுடையதுகூட இல்லை, டெனாருடையது. இரண்டாம் நாவலில் கல்லறைக் கோயிலின் பூசாரியாக இருந்த சிறுமி, இப்போது நடுவயது விதவை, பண்ணை வீட்டுக்காரி. கூட இருந்தவர்களே நெருப்பில் தள்ளிய ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். முகத்தில் ஒரு பக்கம் வெந்துபோன அந்தக் குழந்தையை யார் நேராகப் பார்க்கிறார்கள், யார் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதை வைத்தே ஒவ்வொரு ஆளையும் நாம் எடைபோட்டுவிடலாம். இதற்கு எந்த மந்திரமும் தேவைப்படவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுக்களையில் நடக்கிறது. கடலோடப் போன டெனாரின் மகன் வருடக்கணக்கில் கழித்து வீடு திரும்புகிறான். பண்ணை இனி அவனுடையது. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தைக் கவனிக்கச் சொல்கிறாள் டெனார். அது பெண்கள் வேலை என்கிறான் அவன். சாப்பிடுகிற எல்லாருக்கும் உரிய வேலைதான் என்கிறாள் அம்மா. தன்னுடையது இல்லை என்று போய்விடுகிறான். அவ்வளவுதான் காட்சி. அவனை எப்படி வளர்த்தோம் என்று அவளுக்குள் எழுகிற கேள்வி, எந்தச் சாபத்தையும்விட என்னை அதிகம் உலுக்கியது. உங்கள் மேசைக்கு வந்திருந்தால் ‘நடுவில் தொய்வு’ என்று பக்கவாட்டில் எழுதி அடித்திருப்பீர்களோ என்று எனக்கொரு சந்தேகம்.

குறையே இல்லாத நாவல் என்று சொல்ல மாட்டேன். கடைசியில் தீய மந்திரவாதி ஒருவன் டெனாரைக் கட்டிப்போடுவதும், டிராகன் வந்து காப்பாற்றுவதும் சில பக்கங்களில் அவசர அவசரமாக முடிந்துவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், பின்னட்டையில் போடத் தோதான ‘அதிரடி’ அங்கேதான் இருக்கிறது. இத்தனைக்கும் இந்த நாவல், அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்கும் அமெரிக்காவில் தரப்படும் நெபுலா விருதை வாங்கியது. ஆக, அடுக்களைக் கதை விலைபோகாது என்று யாரும் சொல்ல முடியாது.

அட்டை வாசகங்களை நம்பலாமா என்பதற்கும் இதே புத்தகம் சாட்சி. ‘எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்’ என்று போட்டுத்தான் வெளியிட்டார்கள். 2001-ல் இன்னும் இரண்டு வந்தன!

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பின்னட்டையில் கதாபாத்திரத்தைப் பற்றி எழுதுங்கள். இவள் யார், எதை இழந்தாள், யாரோடு அவளுக்கு ஒத்துப்போகவில்லை என்று நாலு வரி போதும், நான் வாங்கிவிடுவேன். வாள் இல்லாத கதைக்கு அட்டையில் வாள் வேண்டாம். வரைபடம் இருக்கட்டும், அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்புறம், புது எழுத்தாளர் ஒருவரின் கையெழுத்துப் பிரதியில் ஒரு அம்மாவும் மகனும் பாத்திரம் கழுவுவதைப் பற்றி இரண்டு பக்கம் சண்டை போட்டால், வெட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி