பந்தியை விட்டு எழுந்திருக்க வேண்டாம், பெரியப்பா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். போன வாரம் போனில் நீங்கள் பேசியது மனதை விட்டுப் போகவில்லை. “இங்கிலாந்துச் சபை ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வதற்கே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டது. இனி நான் சிஎஸ்ஐயில் (தென்னிந்தியத் திருச்சபையில்) இருக்க மாட்டேன், தனிச்சபைக்குப் போகிறேன்” என்றீர்கள். எத்தனையோ வருஷம் சேகரக் கமிட்டியில், நம் வட்டாரச் சபைகளை நடத்தும் குழுவில், உழைத்தவர் நீங்கள். உங்கள் குரலில் கோபத்தைவிட வேதனைதான் கூடுதலாக இருந்தது. இதே முடிவில் இன்னும் பலர் வீட்டில் பெரியப்பாக்கள் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் வாசிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரிலிருந்து இங்கிலாந்துத் திருச்சபையில், வழக்கமான ஆராதனைக்குள் ஒரே பாலினத் தம்பதிகளுக்காக ஆசீர்வாத ஜெபம் சொல்லலாம். அதைத் திருமணம் என்று அந்தச் சபையும் சொல்லவில்லை. மனம் ஒப்பாத குருவானவருக்குக் கட்டாயமும் இல்லை. அந்தச் சபையோடு உறவுள்ள உலகச் சபைகளின் கூட்டான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் நாமும் இருக்கிறோம், சரி. ஆனால் அவர்கள் சினாட் (சபையின் ஆளுகை மன்றம்) எடுக்கும் முடிவு நம் சினாடைக் கட்டாது.

அப்புறம், நீங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் 1998ஆம் வருஷத்து லாம்பெத் தீர்மானம், அதாவது உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் மாநாட்டின் தீர்மானம். முழுவதும் வாசித்தேன். ஓரினச் சேர்க்கை வேதத்துக்கு ஒவ்வாதது என்று சொல்கிற அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக 526 பேராயர்கள், எதிராக 70 பேர். அதே தீர்மானத்தில், இந்த ஈர்ப்புள்ளவர்களின் அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்போம் என்றும், ஞானஸ்நானம் பெற்று விசுவாசத்தில் நிற்கிற இவர்களும் கிறிஸ்துவின் சரீரத்தில் முழு அவயவங்கள் என்றும் இருக்கிறது. முதல் பாதியைப் பிரசங்கமாகவே கேட்டிருக்கிறோம். இரண்டாம் பாதிக்காக நம் சேகரத்தில் ஒரு கூட்டம் நடந்து நான் பார்த்ததில்லை.

தம்பியைப் பற்றி எழுத அவனிடம் கேட்டுவிட்டேன். “எழுதுக்கா” என்றான். ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டி என்றால் அவனுக்குத்தான் பரிசு. நீங்கள்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தீர்கள். தன்னைப் பற்றி வீட்டில் சொன்ன வருஷம், யாரோ ஒரு ஊழியக்காரரை வரவழைத்துத் தலையில் கைவைத்து ராத்திரி முழுக்க ஜெபித்தார்கள். விடியும்போது அவன் முகத்தை நான் பார்த்தேன், பெரியப்பா. அழுகிறதுக்குக்கூட அதில் தெம்பு இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாக அவன் நம் சபை விருந்தான அசனத்துக்கு வரவில்லை. சென்னையில் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. இராத்திரியில் தனியாகப் பாமாலை பாடுவானாம்.

சபை உடைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். எங்கள் வீட்டில் அது ஒன்பது வருஷத்துக்கு முன்பே உடைந்துவிட்டது. அதற்காக யாரும் கமிட்டியைக் கூட்டவில்லை.

பிரிவு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. மிஷனரி ரேனியஸ் ஐயரை 1835இல் அவரை அனுப்பிய சிஎம்எஸ் மிஷனரி சங்கம் விலக்கியபோது திருநெல்வேலிச் சபைகளும் உபதேசியார்களும் இரண்டு பக்கமாக நின்றார்கள். 1838இல் அவர் பாளையங்கோட்டையில் இறந்த பிறகு, பிரிந்து போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயர் 1919இல் தரங்கம்பாடியில், தனித்தனியாக இருந்த சபைகள் ஒன்றாகும் ஐக்கியத்துக்கு வித்திட்டார். பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத ஒருவர் கொடுக்கும் திருவிருந்தை வாங்கலாமா என்ற ஒரு கேள்வியே பேச்சை வருஷக்கணக்கில் இழுத்தது. 1945இல் அவர் காலமானார். 1947 செப்டம்பர் 27இல்தான் சிஎஸ்ஐ பிறந்தது. அப்போதும் அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் கிடைக்கவில்லை. மனசாட்சி ஒப்பாத ஊழியத்தையோ ஆராதனை முறையையோ எந்தச் சபைமேலும் திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்து, முப்பது வருஷம் அவகாசம் வைத்து ஒன்றானார்கள். பதிலுக்காகக் காத்திருந்த அந்தக் காலம் முழுவதும் ஒரே மேஜையில் அப்பத்தைப் பிட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய அற்புதமாகப் படுகிறது.

அது குருத்துவம் பற்றிய வழக்கு, இது பாவம் பற்றியது என்பீர்கள். நியாயமான பேச்சுதான். ரோமர் முதலாம் அதிகாரத்தை நீங்கள் வாசிக்கிறபடி நான் வாசிக்கவில்லை. தம்பியை அறிந்த பிறகு என்னால் அப்படி வாசிக்க முடியவில்லை. நீங்கள் உங்கள் மனசாட்சியை விற்க வேண்டும் என்று நான் கேட்கவே மாட்டேன். என்னை விசுவாசம் கெட்டவள் என்று நீங்களும் எண்ண வேண்டாம். இந்த வேறுபாட்டோடு இரண்டு பேரும் ஒரே சேகரத்தில் இருப்போம். வலிக்கும், இருந்தாலும் இருப்போம்.

அசனத்தன்று நீங்கள் கறி வாளியைத் தூக்கினால், உட்கார்ந்திருப்பவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே போவீர்கள். சின்ன வயதில் உங்கள் பின்னாலேயே தண்ணீர்ச் செம்போடு ஓடுவது தம்பிதான்.

இந்த வருஷம் அவனை வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை. நான் கூப்பிட்டால் யோசிப்பான். நீங்கள் ஒரு தடவை போன் போட்டு “வாடா” என்றால் அன்றைக்கே ரயில் ஏறிவிடுவான். அவன் நம்பர் மாறவில்லை, பெரியப்பா.

உங்கள் மகள்,
பாளையங்கோட்டையிலிருந்து