பபூனை ஏன் மேடையை விட்டு இறக்கினீர்கள்?

கோயில் திருவிழா ஏற்பாட்டுக் குழுவினருக்கு, வணக்கம்.

இந்த ஆண்டுக் கலை இரவுக்கான அறிவிப்பை மண்டப வாசலில் படித்தேன். பரதம் உண்டு, பட்டிமன்றம் உண்டு, பிரமுகர்களுக்கு மாலை மரியாதை உண்டு. கடைசி வரியில், ‘கோமாளித்தனங்களுக்கும் கேலி கிண்டலுக்கும் அனுமதி இல்லை’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். போன வருட நாடகத்தில் வந்த பபூன், மாலை வாங்க வந்த ஒரு பிரமுகரின் நீண்ட பேச்சை அப்படியே பேசிக் காட்டியதுதான் காரணம் என்று மலேசியாவின் இந்தச் சுங்கை சிப்புட் கடைத்தெருவுக்கே தெரியும். அந்தப் பிரமுகர் வயிறு குலுங்கச் சிரித்ததையும் எல்லாரும் பார்த்தோம். கோபம் வந்ததெல்லாம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான்.

உங்கள் சங்கடம் புரிகிறது. நன்கொடை வேண்டும், அடுத்த வருடமும் அவரைக் கூப்பிட வேண்டும். சரி. ஆனால் சிரிக்க வைக்கிறவர்கள் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டீர்களே! நம் வீடுகளில் யாரும் அப்படிக் கட்டுவதில்லை. ஓடியாடிச் சாமானை உடைக்கிற பிள்ளை வாலு. முகத்தைக் கோணிக் காட்டினால், ‘என்னடா இது கோணங்கித்தனம்’ என்பார் பாட்டி. தான் சிரிக்காமல் அடுத்தவரைச் சிரிக்க வைக்கிறவன் குசும்பன். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி போட்டால் லொள்ளு. பெரியவரிடம் அளவு மீறினால் எகத்தாளம். அதற்கு அடி விழும். தோட்டக் கணக்கு எழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணிமார் வீடுகளில் பகிடி என்பார்கள். இப்போதைய பையன்களுக்கு எல்லாமே லாவாக், மலாய்க் கூட்டாளிகளிடம் கற்றது.

மேடைக்கென்று இருப்பவர்கள் தனி. தெருக்கூத்தில் கட்டியங்காரன், நாடகத்தில் பபூன். ராஜா வேடக்காரரை முகத்துக்கு நேரே கட்டியங்காரன் கலாய்ப்பான். கிரீடம் வைத்தவர் பொறுத்துக்கொண்டு நிற்பார். அது கூத்தின் சட்டம்.

அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்தில் அந்தச் சட்டத்துக்கு வேலை அதிகம். ஆள் கணக்கெடுக்கும் விடிகாலைப் பெரட்டில், வேலை வாங்கும் தண்டலிடமோ கிராணியிடமோ வாய் திறக்க முடியாது. திறந்தவருக்கு மறுநாள் மேட்டுக்காட்டு மரங்கள்தான் பால் வெட்டக் கிடைக்கும். திருவிழா இரவில் எல்லாருக்குமாகச் சேர்த்துப் பபூன் வாய் திறப்பார். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு முன்னால் போட்ட மேடையில், பபூன் கிராணியாக வந்த காட்சி ஒன்றைச் சின்ன வயதில் பார்த்தேன். கண்ணாடியே இல்லாத மூக்குக்கண்ணாடிச் சட்டம், காதில் பென்சில், எதிரில் ஒரு காலி வாளி. அகப்பையை, ரப்பர் பாலை அளக்கும் மெட்ரோலாக் மாதிரி வாளிக்குள் விட்டு, ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்து, ‘பாலில் தண்ணி’ என்று கணக்கைப் பாதியாக வெட்டினார். ‘ஐயா, வாளியில பாலே இல்லீங்களே!’ என்றாள் பால்வெட்டுக்காரி வேடம் போட்டவள். ‘அப்படியா? அப்போ தண்ணி இன்னும் ஜாஸ்தி’ என்று மிச்சப் பாதியையும் வெட்டினார். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று அந்தக் கருவியை மிதக்கவிட்டுத்தான் பார்ப்பார்கள்; கூலி அதில் தொங்கியது. முன்வரிசையில் நிஜக் கிராணி உட்கார்ந்திருந்தார். கைதட்டல் யாருக்கு விழுகிறது என்று அவருக்கும் புரிந்திருக்கும்.

இது தோட்டத்தில் முளைத்த பழக்கமும் அல்ல. புகார் நகரில் யார் யார் எங்கெங்கே குடியிருந்தார்கள் என்று சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. நாழிகைக் கணக்கர், ஆடற்கூத்தியர், வாத்தியக்காரர்கள் என்று போகும் அந்த வரிசையில் நகைவேழம்பர் இருக்கையும் உண்டு. சிரிக்க வைப்பதே அவர்கள் தொழில். சோழன் ஊரில் அவர்களுக்குக் குடியிருக்க இடம் கிடைத்தது, நம் ஊரில் கால் மணி நேரத்துக்குப் பஞ்சம். பட்டிமன்றத்தில் குறளாக முழங்கப் போகிறவர்கள் 999ஆம் குறளையும் ஒருமுறை சொல்லட்டும்: பிறரோடு கலந்து சிரித்துப் பழகத் தெரியாதவர்களுக்குப் பகலும் இருட்டுத்தான் என்கிறார் வள்ளுவர்.

அதற்காக எல்லாச் சிரிப்பையும் மேடையேற்றுங்கள் என்று கேட்கவில்லை. நகை பிறக்கும் வழிகள் நான்கு என்று சொல்லும் தொல்காப்பியம் எடுத்த எடுப்பிலேயே எள்ளலைத்தான் வைக்கிறது. எள்ளல் சுடும். கறுப்பு நிறம், குண்டான பெண், திக்கிப் பேசுகிறவர், இவர்களை வைத்தே அரை மணி நேரம் ஓட்டும் காமெடிக் குழுக்கள் வெளியூரிலிருந்து வருகின்றன. பணம் கொடுத்துக் கூப்பிட்டதும் நீங்கள்தான். என் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். அதற்கு எந்த அறிவிப்பும் ஒட்டப்படவில்லை. தடித்த எழுத்து அங்கேயல்லவா தேவைப்பட்டது?

ஆகவே கடைசி வரியை மட்டும் மாற்றுங்கள்: ‘உடல், நிறம், சாதி, குறைபாடு ஆகியவற்றை வைத்துக் கேலி செய்ய அனுமதி இல்லை.’ நாடகத்துக்குப் பபூனைத் திருப்பிக் கொடுங்கள். அவர் பகுதியைப் பிரமுகர்கள் பேசி முடித்த பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் பேசிக் காட்ட அவருக்கு என்ன இருக்கும்? பயமாக இருந்தால் ஒத்திகைக்குக் குழுவிலிருந்து யாராவது வரலாம். நாடகப் பையன்கள் ராத்திரியில் கோயில் பின்பக்கக் கொட்டகையில்தான் பழகுகிறார்கள். வருகிறவருக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. தன்னை யாராவது பேசிக் காட்டினால் தாங்கிக்கொள்கிற ஆளாகப் பார்த்து அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய தோட்டத்து ஆள் ஒருவன்,
சுங்கை சிப்புட்