கோப்பை கழுவின தெருவின்ர பெயர்

அன்பு மச்சானுக்கு,

உன்ர கடிதம் கிடைச்சது. உனக்கும் முழங்கால் பிடிச்சிட்டுதெண்டு வாசிக்க, என்ர மனுசி "ரெண்டு பேரும் ஒரே வகுப்பெல்லே" எண்டு சிரிச்சா. கோணேசர் கோவில் வரைக்கும் ஏறுறதை நான் விட்டிட்டன். திருகோணமலைக் கோட்டை வாசல் தாண்டி, மரநிழலில குந்தி, கச்சான் கடலை கொறிச்சுக்கொண்டு மானுகளைப் பாத்திட்டுத் திரும்பிறதோட சரி. நேற்று ஒரு குட்டி மான் என்ர கையில இருந்த கச்சான் சரையைக் கடதாசியோட பறிச்சுத் திண்டிட்டுது.

நீ கேட்ட விசயத்துக்கு வாறன். ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில நீ கோப்பை கழுவின தெரு, அவெனியூ து சுஃப்ரன். அந்தச் சுஃப்ரன் ஆரெண்டு இவ்வளவு வருசத்துக்குப் பிறகு கேக்கிறாய். மச்சான், அந்தாள் எங்கட ஊருக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. நான் குந்தியிருக்கிற இந்தக் கோட்டையைப் பிடிச்சவர்.

1782 ஜனவரியில இங்கிலீசுக்காரன் ஒல்லாந்தனிட்டயிருந்து, அதுதான் டச்சுக்காரனிட்டயிருந்து, திருகோணமலையைப் பறிச்சான். ஆகஸ்ட் கடைசியில சுஃப்ரன் பிரெஞ்சுக் கப்பல்களோட வந்து ஒரு கிழமைக்குள்ள திருப்பிப் பறிச்சார். 30ஆம் திகதி இந்தக் கோட்டை, அடுத்த நாள் துறைமுக வாசலைக் காக்கிற ஒஸ்ரன்பேர்க் கோட்டை. ஏன் அவ்வளவு அந்தரம் எண்டு கேள். வாடைதான். சென்னை, கடலூர், நாகபட்டினம் எண்டு அந்தக் கரை முழுக்க ஒதுங்க ஒரு துறை கிடையாது. ஐப்பசியில வாடை எழும்பினா பாய்க்கப்பல் அங்க நிக்கேலாது. எங்கட உட்துறைமுகம் மாதிரி ஒண்டு இந்தப் பக்கத்தில எங்க இருக்கு?

செப்டம்பர் 2 இங்கிலீசுத் தளபதி ஹியூஸ் வந்து சேந்தார், துறை போனபிறகு. அடுத்த நாள் சண்டை. பிரெஞ்சுப் பக்கம் 14 பெரிய கப்பல், மற்றப் பக்கம் 12. தென்மேற்குக் கச்சான் காத்து வீச, ஹியூஸ் கரையை விட்டு விலகி விலகி இழுத்துக்கொண்டு போனார். பின்னால போன பிரெஞ்சுக் கப்பல்கள் வரிசை குலைஞ்சு சிதறிட்டுது. நடுவில சுஃப்ரனின்ர 'ஏரோ'வும் இன்னும் ரெண்டு கப்பலுந்தான் பின்னேரம் முழுக்க அடி வாங்கினது. ஏரோவின்ர நடுப் பாய்மரம் முறிஞ்சு, கொடியும் அதோட கடலுக்குள்ள. சரணடைஞ்சிட்டான் எண்டு எதிரி நினைச்சிடுவான் எண்டு, வெள்ளைக் கொடிகளைக் கொண்டுவந்து கப்பலைச் சுத்திக் கட்டுங்கோ எண்டு ஆள் கத்தினாராம். அந்தக் காலத்துப் பிரெஞ்சு ராசாவின்ர கொடி வெள்ளை. வெள்ளைக் கொடி எண்ட உடன எங்களுக்கு வாற ஞாபகம் வேற. அதை விடுவம்.

இருட்டோட சண்டை நிண்டுது. ஆருக்கும் வெற்றியில்லை. நாலு நாளால 'ஒறியோன்' எண்ட 74 பீரங்கிக் கப்பல் எங்கட துறைக்குள்ள நுழையேக்க, காவலில நிண்ட அதிகாரியின்ர கவனக்குறைவில தரை தட்டிப் போச்சு. ஹியூஸால உடைக்கேலாத கப்பலை எங்கட வாசல் உடைச்சிட்டுது பாத்தியே! பாய்மரங்களை மட்டும் கழட்டி எடுத்து, மரம் முறிஞ்ச கப்பல்களுக்குப் பூட்டினவங்கள். சுஃப்ரன் இப்பிடித்தான், இல்லாததை எங்கயாவது கண்டுபிடிச்சிடுவார்.

துணிச்சலுக்குக் குறைவில்லை, ஆனா வாய் பொல்லாதது. சண்டை முடிய நாலு கப்பல் தலைவர்மார் விலகிப் போட்டினம். பிழை அவையிலதான் எண்டு கனபேர் எழுதுகினம். எனக்கு அப்பிடிப் படேல்ல. மனசில உள்ள திட்டத்தைச் சொல்லாமல், செய்யேல்லையெண்டு பேசினா ஆர் நிப்பினம்? நானும் அப்பிடி ஒரு பள்ளிக்கூட அதிபருக்குக் கீழ படிப்பிச்சனான், உனக்குத் தெரியும்.

ஹியூஸோட மொத்தம் ஐஞ்சு சண்டை, கடைசி 1783 ஜூனில கடலூருக்கு முன்னால. பிறகு சமாதானம், துறை திரும்ப ஒல்லாந்தனிட்ட. 1788இல பாரிஸில ஆள் செத்துப் போனார். இப்ப அவரின்ர பெயரில பிரான்சிட்ட ஒரு அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் இருக்கு. இங்க நானறிய ஒரு ஒழுங்கைகூட இல்லை.

அந்தப் பக்கம் போனா தெருப் பெயர்ப்பலகையை ஒரு படம் எடுத்து அனுப்பு. கோட்டை வாசலில கச்சான் விக்கிற அக்காவுக்கு இந்தக் கதை சொன்னனான். "ஏன் மாஸ்டர், இவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சுப்போட்டு விட்டிட்டே போனவன்?" எண்டு கேட்டவ. படத்தைக் காட்டோணும்.

உன்ர,
பின்வாங்கில இருந்த மச்சான்