சண்முகத்துக்கு, புல் விஷயமாக

கிருஷ்ணகிரி
ஏப்ரல் 24

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்கு மாங்காய்தான் காரணம். போன வாரம் அடித்த காற்றில் தம்பி தோப்பில் கால்வாசிக் காய் கொட்டிவிட்டது. பொறுக்கி மூட்டை கட்டி, ஊறுகாய்க்குக் கொடுத்து அனுப்புவதற்குள் இடுப்பு போய்விட்டது. மிச்சமிருக்கும் செந்தூரா இன்னும் கொஞ்ச நாளில் பறிப்புக்கு வரும். பெங்களூரா ஆனி வரை காத்திருக்கட்டும்.

சரி, உன் புல்லுக்கு வருகிறேன். பேத்தி விளையாட என்று பையன் போட்டுக் கொடுத்த கொரியன் புல் மஞ்சளடிக்கிறது, தினமும் சாயங்காலம் தண்ணி விட்டும் தேறவில்லை என்று எழுதியிருக்கிறாய். தினமும், அதுவும் சாயங்காலம்! வியாதியே அதுதானப்பா.

நானும் மூணு வருஷம் முன்னால் அதே தப்பைச் செய்தவன். பத்து நிமிஷம் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மேலே நனைந்ததும் மனசு குளிர்ந்துவிடும், உள்ளே போய்விடுவேன். ஒரு நாள் காய்ந்துபோன இடத்தில் ஒரு பத்தையைப் பெயர்த்துப் பார்த்தேன். வேர் ஒரு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. அதற்குக் கீழே நம்ம செம்மண் பொரிகடலை மாவு மாதிரி உலர்ந்து கிடந்தது. மேலேயே தண்ணி கிடைத்தால் வேர் எதற்குக் கீழே போகும்? பத்து மணி வெயிலுக்கே மேல்மண் சுட்டுவிடும், வேரும் கூடவே வெந்துவிடும்.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டே தடவைதான். ஆனால் விடும்போது நிறைய விடுகிறேன். என் புல்தரை 400 சதுர அடி. இரண்டு தடவையும் சேர்த்து வாரத்துக்கு ஓர் அங்குலம் தண்ணி விட ஏறக்குறைய 950 லிட்டர் வேண்டும், அதாவது மொட்டைமாடி சின்டெக்ஸ் ஒன்று. கத்திரி வெயிலில் வாரத்துக்கு ஒன்றரை அங்குலம்கூடக் கேட்கும். ஸ்பிரிங்க்ளர் எவ்வளவு விடுகிறது என்று பார்க்க, நாலு மூலையில் நாலு பழைய டிபன் டப்பாவை வைத்துவிட்டு, எத்தனை நிமிஷத்தில் அரை அங்குலம் நிறைகிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள். செம்மண் மேலே பட்டை கட்டியிருந்தால் தண்ணி உள்ளே போகாமல் வாசலுக்கு ஓடும். பாதி விட்டு, அரை மணி கழித்து மீதியை விடு. பிறகு ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரைக் குத்திப் பார். அரை அடி சிரமமில்லாமல் இறங்கினால் போதும்.

நேரம் விடிகாலைதான். சாயங்காலம் விட்டால் இலை ராத்திரி முழுக்க ஈரமாகக் கிடக்கும், பூஞ்சைக்கு அதைவிட விருந்து வேண்டுமா? உன் புல்லில் வட்டவட்டமாகத் திட்டு விழுந்திருந்தால் இதையே முதலில் சந்தேகப்படு. தாகம் எடுத்ததா என்று தெரிய வெறுங்காலில் நடந்து பார். மிதித்த புல் எழாமல் காலடித் தடம் அப்படியே நின்றால், நிறமும் கொஞ்சம் நீலச் சாம்பலாக மாறியிருந்தால், தண்ணி கேட்கிறது என்று அர்த்தம். கேட்டால் கொடு, கேட்காதபோது சும்மா இரு.

அப்புறம் வெட்டு. "ஒட்ட வெட்டினால்தான் அழகு" என்று புல் வெட்ட வருபவர் சொல்வார். கேட்காதே. கோடையில் இரண்டு அங்குலம் நிற்கட்டும். அந்த உயரம்தான் மண்ணுக்கு நிழல். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவேண்டாம். வெட்டிய துணுக்கை அங்கேயே விட்டுவிடு, மக்கி உரமாகிவிடும். மிஷின் பிளேடு மழுங்கியிருந்தால் புல்லை அறுக்காது, பிய்க்கும். நுனியெல்லாம் வெளுத்திருந்தால் கோளாறு பிளேடில் இருக்கலாம்.

யூரியாப் பக்கம் இப்போது போகவே போகாதே. நான் ஒரு மே மாதம், மட்டமத்தியானம், பச்சையாகட்டும் என்று கைநிறைய அள்ளி வீசினேன். இரண்டே நாளில் வீசிய கைவாக்குக்குக் கருகல் கோடு! வீட்டுக்காரி அதைப் பார்த்து "கோலம் நல்லா வந்திருக்கு" என்றாள். மழை விழுந்த பிறகு சலித்த மண்புழு உரத்தை மெல்லிசாகத் தூவு, அது போதும்.

இன்னொரு விஷயம். ஒகேனக்கல் தண்ணியைப் புல்லுக்குத் திருப்பிவிடாதே. போர் தண்ணியே குடித்து வளர்ந்து, சிரித்தால் பழுப்புப் பல் தெரியும் நம் வகுப்பு போட்டோ என்னிடம் இன்னும் இருக்கிறது. போர் தண்ணியில் இருக்கும் அந்த ஃப்ளோரைடுக்குப் பயந்து, குடிக்க என்று இத்தனை தூரம் குழாய் போட்டுக் கொண்டுவந்த தண்ணி அது. புல்லுக்குப் போரில் வருவது போதும். ஆர்ஓ மிஷினில் கழியும் தண்ணியையும் ஊற்றாதே, உப்பு சேர்ந்து மேலே வெள்ளை பூத்துவிடும்.

உண்மையைச் சொல்லட்டுமா? ஓசூர் பக்கத்து நர்சரியில் காசு கொடுத்து வாங்கிய கொரியன் புல் என் வீட்டில் இப்போது பாதிதான். மாமர நிழலில் அது பிழைக்கவே இல்லை. வெயில்படும் பக்கத்தில் அது பட்டுப்போன இடத்தை அருகம்புல் பிடித்துக்கொண்டது. முதலில் களை என்று பிடுங்கினேன். அப்புறம் கோரையை மட்டும் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, அருகை விட்டுவிட்டேன். "அருகுபோல் வேரோடி" என்று கல்யாணத்தில் சும்மாவா வாழ்த்துகிறார்கள்? போன வருஷம் போர் வற்றி மூணு வாரம் சொட்டுத் தண்ணி விடவில்லை. வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. இழுத்துப் பார்த்தால் மட்டும் கையோடு வரவில்லை. முதல் மழைக்கு ஒரே வாரத்தில் பச்சை. மரத்தடியில் புல் ஆசையை விட்டுவிட்டு நாலு கல்பலகை போட்டுவிட்டேன். தண்ணிச் செலவும் குறைந்தது, உட்கார இடமும் ஆச்சு.

உன் புல்லையும் ஒரு பிடி இழுத்துப் பார்த்து எழுது. கையோடு வராவிட்டால் உயிர் இருக்கிறது, பையனிடம் புதுசு வாங்கச் சொல்லவேண்டாம்.

தங்கச்சியின் முட்டிவலி எப்படி இருக்கிறது? பேத்திக்கு லீவு விட்டதும் எல்லோரும் இங்கே வாருங்கள். கே.ஆர்.பி. அணைக்குப் போய் மீன் வறுவல் சாப்பிடலாம். திரும்பும்போது ஒரு கூடை செந்தூரா உனக்கு. காரில் இடம் இருந்தால் ஒரு கோணி அருகும்.

அன்புடன்,
முனிரத்தினம்