கால்வாய் மேட்டுக் கொடியை வேரோடு அகற்றக் கோரும் மூன்றாவது மனு

பெறுநர்: நிலப் பராமரிப்புப் பொறுப்பு அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: புளோக்கின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) சமூகத் தோட்ட உறுப்பினர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் புளோக்கிற்குப் பின்னால் கால்வாயை ஒட்டிய மேட்டைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். தோட்டத்தின் முதல் அறுவடை நாளன்று அந்த வேலியருகே நின்றுதான் எங்களுடன் பேசினீர்கள். அம்மேட்டில் மண்டியுள்ள மைக்கேனியா கொடி குறித்து மார்ச்சிலும் ஜூனிலும் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் வராததால், பணிவுடன் மீண்டும் எழுதுகிறோம்.

1. இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த கொடி. இளங்கொடி ஒரே நாளில் 8 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது.

2. ஒப்பந்த ஊழியர்கள் வந்து இயந்திரத்தால் வெட்டிவிட்டுப் போகிறார்கள். வெயிலில் உழைக்கும் அவர்களை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் இக்கொடி கணுவுக்குக் கணு வேர்விடும் என்பதால், சிதறும் துண்டுகள் ஈரமண்ணில் மீண்டும் தழைக்கின்றன. வெட்டுவது நடுவதாகவே முடிகிறது.

3. இதற்கும் மருத்துவப் பயன் உண்டென்பதை நாங்கள் மறுக்கவில்லை. பிஜியில் இதன் இலையைக் கசக்கி வெட்டுக்காயத்தில் வைப்பது பழைய வழக்கம். எங்கள் தோட்டத்து மலாய்ப் பாட்டியும், அரிவாள் பட்ட என் விரலில் அதைத்தான் பிழிந்துவிட்டார். அதற்கு நான்கு இலை போதும், ஐயா; ஒரு மேடு முழுவதும் வேண்டியதில்லை. அவர் இலை பறிக்கிறார் என்பதால்தான் களைக்கொல்லி தெளிக்க வேண்டாம் என்றும் கேட்கிறோம்.

4. எண்பத்தொரு வயதான என் தாயாருக்கு இருமல் கண்டால் தூதுவளை ரசம்தான் கேட்பார். நண்பர் தந்த பழத்தில் விதையெடுத்து, முள் குத்தக் குத்தப் பந்தலில் ஏற்றி வளர்த்தேன். கண் அறுவை சிகிச்சையால் மூன்று வாரம் தோட்டத்திற்குப் போக முடியவில்லை. திரும்பி வந்தபோது பந்தலே தெரியவில்லை; வேலி தாண்டி வந்த இதய வடிவ இலைகள் அதை மூடியிருந்தன. விலக்கினால், உள்ளே தூதுவளை இலைகள் வெளுத்து, தொட்டதும் உதிர்ந்தன. அடியிலிருந்த கற்பூரவல்லி அழுகிக் கிடந்தது. முள்ளில் சிக்கிய கொடியை இழுத்தால் தூதுவளையும் சேர்ந்து கிழிகிறது. ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்க எங்கள் நால்வருக்கு மூன்று மாலைகள் ஆயின. பத்தே நாளில் மறுபடியும் மூடிவிட்டது. தாயார் ரசம் கேட்கிறார். நான் என்ன சொல்வது?

5. இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும், ஐயா? வேலிக்கு அப்பால் அரசு நிலம். எங்களால் கைவைக்க இயலாது. நீங்களும் வருவதில்லை, எங்களுக்கும் அனுமதியில்லை. இப்போது பூத்தும் விட்டது. இந்த வெண்பூக்கள் காய்ந்தால் விதை காற்றில் பறக்கும்.

விதை முற்றுமுன் கொடியைக் கையால் வேரோடு பிடுங்கி, பைகளில் அடைத்து அகற்ற ஆவன செய்யுங்கள். இயலாதெனில் ஒரு சனிக்கிழமைக் காலை மட்டும் எங்களுக்கு எழுத்துபூர்வ அனுமதி தாருங்கள். இருபது பேர் தயாராக இருக்கிறோம். தயவுசெய்து, மறுபடியும் வெட்ட ஆளனுப்ப வேண்டாம். வேரோடு பிடுங்க வேண்டும், ஐயா.

இப்படிக்கு,
சமூகத் தோட்ட உறுப்பினர்கள் சார்பில்