நாலு மணிக்குக் கதவைத் தட்டியவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்பான எல்லோருக்கும்,

இந்த மடலை ஒரு வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். கணிதப் பரீட்சைப் பெறுபேறு வந்த இரவே எழுத உட்கார்ந்தேன். வேலை ஒன்று கையில் கிடைக்கட்டும் என்று வைத்துவிட்டேன். இந்த ஜனவரியில் ஒரு முன்பள்ளியில் டீச்சராகச் சேர்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1998இல் பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில் (ஓ.எல்) எனக்குக் கணிதம் போய்விட்டது. அந்த வருஷமே அப்பாவும் போய்விட்டார். திரும்ப எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் புடவைக் கடை வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று காலம் ஓடியது. "எனக்குக் கணக்கு ஓடாது" என்று 24 வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்கு நான் போகாத வாரம் குறைவு. அங்கே நான் வருஷக்கணக்காகக் கேட்டது வெளிநாட்டு வேலைக்கு வீசா. அந்த மன்றாட்டைக் கேட்டுவிட்டு "சரி, ஜெபிக்கிறேன்" என்று அனுப்பிவிடாமல், என்னை உட்காரவைத்துப் பேசிய ஃபாதருக்குத்தான் முதல் நன்றி. அங்கே போய் என்ன வேலை செய்வாய் என்று கேட்டார். பிள்ளை பார்க்கும் வேலை என்றேன். அது உனக்குப் பிடிக்குமா என்றார். எனக்கு நன்றாக வருவது அது மட்டும்தான் என்றேன். "அதை இங்கே செய்யத் துணை கேட்டால் என்ன?" என்றார். முன்பள்ளி டிப்ளோமாவுக்கு நான் விசாரித்த இடத்தில் ஓ.எல் கணிதம் கேட்டார்கள் என்று சொல்லி அழுதேன்.

அப்போது அவர் அந்தோனியாரின் கதையைச் சொன்னார். மொரோக்கோவுக்குப் போய் வேதத்துக்காக உயிரைக் கொடுக்க ஆசைப்பட்டவராம். போன இடத்தில் நோயில் விழுந்தார். திரும்பும் வழியில் கப்பலைக் காற்று சிசிலியில் கொண்டுபோய் ஒதுக்கியது. பிறகு இத்தாலியில் ஒரு மலை மடத்தில் சட்டிபானை கழுவிக்கொண்டு இருந்தார். 1222இல் ஃபோர்லி நகரில் பிரசங்கம் வைக்க ஆள் இல்லாமல் அவரை எழுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உலகம் அறிந்த பிரசங்கியார் ஆனார். இவ்வளவு காலமாக அவர் சுரூபத்தைத் தொட்டுக் கும்பிட்ட எனக்கு இந்தக் கதை தெரியாது.

லூக்கா 14ஆம் அதிகாரத்தையும் காட்டினார். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்கிற இடம். தாள் ஒன்றைத் தந்து, "உன் கோபுரத்துக்கு என்ன செலவு, எழுது" என்றார். நாளுக்கு ஒரு மணித்தியாலம், வாரத்துக்கு ஒரு பாடம் என்று எழுதினேன். "பாஸ் பண்ண வையுங்கள் என்று கேட்காதே. இந்த வாரத்துக்கு வேண்டியதைக் கேள். அடுத்த செவ்வாய் வந்து என்ன செய்தாய் என்று அந்தோனியாரிடம் சொல்" என்றார். என் ஜெபம் அன்றோடு மாறிப்போனது. அதுவரை பாரத்தை இறக்கிவைத்துவிட்டு வருவேன். இப்போது கையில் எதையாவது கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு கணக்கும் செய்யாத வாரங்களில் சுரூபத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனாலும் போனேன்.

மூன்றாம் மாடி ராத்தா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று எங்கள் கோயிலில் குண்டு வெடித்த பிறகு, உங்கள் முஸ்லிம் வீடும் எங்கள் கிறிஸ்தவ வீடும் பேச்சில்லாமல் கிடந்தன. என்னோடு நவநாளுக்கு வந்தவர்களில் அந்த ஞாயிறு திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். ஜூன் 12 கோயில் மறுபடி திறந்த பிறகும், உங்களைப் படியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனேன். நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டே போனேன். அதற்கு எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள். காற்றுக்காகப் படியில் உட்கார்ந்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் சார்ஜ் லைட்டைக் கொண்டுவந்து கொப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மேலே ஏறினீர்கள். ஏப்ரலில் நோன்பு தொடங்கியதும், "விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்புறேன்தானே, நாலு மணிக்கு உங்கட கதவையும் தட்டவா?" என்றீர்கள். நோன்பு முடிந்தும் தட்டுவது நிற்கவில்லை, சுபஹ் தொழுகைக்காக நாலரைக்கு மாறியது, அவ்வளவுதான். இரண்டு தட்டு, அப்புறம் படியேறும் செருப்புச் சத்தம். பரீட்சை வரைக்கும், ஒரு வருஷத்துக்கும் மேல்.

ஜம்பட்டா வீதியில் வகுப்பு எடுக்கும் தம்பிக்கு. நீங்கள் ஒரு சதம் வாங்கவில்லை. "அன்ரி, பிழை வந்த கணக்கை மட்டும் கொண்டுவாங்க" என்றீர்கள். எட்டாவது கொப்பியில்தான் பிடித்தீர்கள்: கழித்தல் குறியுள்ள எண்ணால் அடைப்பைப் பெருக்கும்போது, உள்ளே இருக்கும் கழித்தல் கூட்டலாக வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் அதை மாற்றாமல் விட்டிருக்கிறேன். முதல் வரியில் அது பிழைத்தால் கடைசி வரி வரைக்கும் பிழைதான். என்னை நானே மக்கு என்று நினைத்த அத்தனை வருஷமும் அந்தச் சின்னக் கோட்டுக்குள் இருந்தது. அன்று உங்கள் வகுப்பு வாசலில் நின்று அழுததற்குக் காரணம் இதுதான், நீங்கள் பயந்துவிட்டீர்கள்.

கடை முதலாளி ஐயா, செவ்வாய்க்கிழமைகளில் 5 மணிக்கே விட்டீர்கள். பரீட்சை நாளில் சம்பளத்தோடு லீவு தந்தீர்கள். ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் விபூதியைத் தாளில் மடித்துத் தந்தீர்களே, அது அந்தோனியார் பதக்கத்தோடு என் கருவிப் பெட்டியில், கவராயத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

இரவுச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்ட என் கணவருக்கு நன்றி. "அம்மா, அந்தோனியார் தொலைந்ததைத் தேடித் தருவார்தானே, எக்ஸையும் கேளுங்க" என்று சொன்ன மகளுக்கு நன்றி. உண்மையாகவே கேட்டேன், மகள்.

2023இல் பரீட்சை எழுதினேன். பெறுபேறு வந்த இரவு, பரீட்சைத் திணைக்களத்தின் இணையப் பக்கத்தில் மகன் என் சுட்டெண்ணை அடித்தான். கணிதம், 'சீ' (C) தரச் சித்தி. செலவு எழுதிய தாளை எடுத்துக்கொண்டு அடுத்த செவ்வாய் கோயிலுக்குப் போனேன். கேட்க ஒன்றும் இருக்கவில்லை, வெகுநேரம் சும்மா நின்றேன்.

ராத்தாவின் மகள் அடுத்த முறை ஓ.எல் எழுதுகிறாள். கருவிப் பெட்டி இப்போது அவளிடம். நாலரைக்கு மூன்றாம் மாடிக் கதவைத் தட்டுவது நான்.

வருகிற செவ்வாய் மாலை நவநாளில் உங்கள் எல்லோருக்காகவும் நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். வரக்கூடியவர்கள் வாருங்கள். பூசை முடிந்ததும் வீட்டில் தேநீர்.

நன்றியுடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து,
உங்கள் முன்பள்ளி டீச்சர்