டிரைவரைப் பைக்குள் வைத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தில்லி கோல்ஃப் கிளப்பின் லோதி களம் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 அக்டோபரில் அங்கு நடந்த போட்டியில் வட அயர்லாந்து வீரர் ரோரி மக்கில்ராய் டிரைவரை (மிக நீண்ட தூரம் அடிக்கும் மட்டை) ஒதுக்கிவைத்ததைக் குறிப்பிட்டு, மரங்கள் அடர்ந்த களத்தில் டிரைவரே வேண்டாம் என்று முடித்திருந்தீர்கள். இது பாதிதான் சரி. மீதியைச் சொல்லாமல் விட்டால், வார இறுதியில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு இந்த அறிவுரையால் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம்.

முதலில் சரியான பாதி. ஃபேர்வே (புல்லைக் குட்டையாக வெட்டிய ஆட்டப் பாதை) 30 கஜ அகலம் என்றால் நடுவிலிருந்து இருபுறமும் 15 கஜம்தான் இருக்கிறது. நடுவைக் குறிவைத்த அடி 4 டிகிரி விலகினால், 250 கஜத்தில் பந்து பதினேழரை கஜம் தள்ளிப் போய் மரத்தடியில் கிடக்கும். அதே பிழை 200 கஜ அடியில் நேர்ந்தால் விலகல் 14 கஜம்தான். பந்து ஃபேர்வேயிலேயே நிற்கும். தூரம் அடிப்பவர் என்று பெயரெடுக்காத இந்திய வீரர் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2008 இந்தியன் மாஸ்டர்ஸ், 2016 இந்தியன் ஓபன் இரண்டையும் இந்தக் களத்தில்தான் வென்றார்.

இனி விடுபட்ட பாதி. இப்படிப்பட்ட களத்தில் ஃபேர்வேயில் இருப்பது வேறு, கிரீன் (கொடியும் குழியும் உள்ள புல்தரை) தெரிவது வேறு. 400 கஜ பார்-4 (நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய ஹோல்) ஒன்று, 210 கஜத்தில் இடப்பக்கம் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பயந்துபோய் 190 கஜம் அடித்தால் பந்து பத்திரமாக நிற்கும்; ஆனால் திருப்பத்து மரங்கள் கிரீனை மறைத்துவிடும். இன்னும் 210 கஜம் பாக்கி, கண்ணுக்கு எதுவும் தெரியாது. டிரைவரைவிடச் சற்றுக் குட்டையான 3-வுட்டால் 225 கஜம் அடித்து வலப்பக்கப் பாதியில் நிறுத்தினால், 175 கஜத்தில் வழி திறந்து கிடக்கும். எனவே திட்டத்தைக் கொடியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்: எந்த இடத்திலிருந்து கிரீன் தெரியும், அங்கே போய்ச் சேர எந்தக் கிளப் (மட்டை) வேண்டும் என்று. சில ஹோல்களில் அதற்கு விடை டிரைவராகவே இருக்கலாம்.

டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) காற்றே இல்லை என்று நம்பி ஏமாறுகிறவர்கள் பலர். மரங்களுக்கு நடுவே நிற்பதால்தான் காற்று தெரிவதில்லை. மரங்களின் உச்சியைப் பாருங்கள். பந்து அந்த உயரத்தைத் தாண்டியதும் சந்திக்கப்போவது அந்தக் காற்றைத்தான்.

ஸ்கோர் உண்மையில் சிதைவது மரத்தடியில். ‘மரத்தில் தொண்ணூறு சதவீதம் வெற்றிடம்தானே’ என்று சொல்லிக்கொண்டு கிளைகளுக்குள் அடிப்பார்கள். ஓர் அடுக்குக் கிளையை 90 சதவீத வாய்ப்போடு தாண்டினாலும், ஏழு அடுக்கைத் தாண்டும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கொடி தெரியும் இடைவெளியைத் தேடாதீர்கள், அகலமான இடைவெளியைத் தேடுங்கள். அது பக்கவாட்டில் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் அதுவே வழி. 6-அயர்னை (இரும்புத் தலை மட்டை) சற்றுக் கீழே இறக்கிப் பிடித்து, பந்தை வலது கால் பக்கம் வைத்து (வலக்கை ஆட்டக்காரருக்கு), எடையை முன்காலில் சாய்த்து, கைகள் பந்துக்கு முன்னால் இருக்கக் குட்டையாக வீச வேண்டும். தாழ்ந்து போகும் பந்து நிறைய உருளும். வெளியே வந்த மகிழ்ச்சியில் பலமாக அடித்து, ஃபேர்வேயைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்க மரங்களுக்குள் பந்தைச் செலுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பந்திலிருந்து ஃபேர்வே விளிம்பு 20 கஜம், ஃபேர்வேயின் அகலம் 30 கஜம் என்றால், அதன் நடுவை அடைய மொத்தம் 35 கஜம் போனால் போதும். அதற்கு நீளமான சிப் (குறுந்தூர மென்னடி) அளவே தாராளம்.

அங்கே விதிகளும் காத்திருக்கின்றன. ஒத்திகை வீச்சில் குறுக்கே நிற்கும் சுள்ளியை ஒடித்து வீச்சுக்கு வழி செய்துகொண்டால் 2 ஸ்ட்ரோக் (அடி) அபராதம். காய்ந்த இலையை அகற்றலாம்; ஆனால் அதனால் பந்து அசைந்தால் 1 ஸ்ட்ரோக், பந்தைப் பழைய இடத்தில் வைக்கவும் வேண்டும். இலைமேல் கிடக்கும் பந்துக்குப் பின்னால் கிளப்பைத் தரையில் ஊன்றாமல் சற்றே தூக்கிப் பிடிப்பது அதனால்தான். பந்து கிடைக்குமா என்ற சந்தேகம் எழுந்தால், தேடப் புறப்படும் முன்பே ‘ப்ரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை ஆடிவிடுங்கள். சொல்லாமல் ஆடினால் அந்த இரண்டாவது பந்தே ஆட்டப் பந்தாகிவிடும். தேடும் நேரம் 2019 முதல் 3 நிமிடம் மட்டுமே. முட்புதருக்குள் கிடக்கும் பந்துக்கு 1 ஸ்ட்ரோக் கொடுத்து, கொடியை நெருங்காமல் இரண்டு கிளப் நீளத்துக்குள் டிராப் செய்யலாம் (கையிலிருந்து கீழே விடலாம்). அந்த இரண்டு நீளமும் புதருக்குள்ளேயே முடிகிறதா என்று அளந்து பார்க்காமல் பந்தைக் கையில் எடுக்கக் கூடாது.

கிளப் நிர்வாகங்களுக்கு உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். மண்ணுக்கு வெளியே தெரியும் வேரின் மேல் பந்து கிடந்தால், பொது விதிப்படி இலவச நிவாரணம் (அபராதமின்றிப் பந்தை நகர்த்தும் உரிமை) கிடையாது. வேரில் அயர்ன் மோதினால் மணிக்கட்டு போய்விடும். இதற்கென்றே மாதிரி உள்ளூர் விதி ஒன்று இருக்கிறது. ஃபேர்வேயிலும் அதை ஒட்டிய ரஃபிலும் (புல் உயர்ந்த பகுதி) இலவச நிவாரணம் தர நிர்வாகக் குழு தீர்மானித்தால் போதும். வயதான மரங்கள் நிறைந்த கிளப்புகள் இதை ஏற்று ஸ்கோர்கார்டின் பின்பக்கத்தில் அச்சிட வேண்டும்.

தங்கள் வாசகர்,
புது தில்லி